பழுதே இல்லாத மின்நிலையம்

கால்வாய்த் தண்ணீர் பத்தடி இறங்கி விழுகிற இடத்தில் ஐம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது அந்தச் சின்ன மின்நிலையம். போன வருஷம் தண்ணீரே வரவில்லை; மிஷின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் பழுதே ஏற்படாத நிலையம் என்று தலைமை அலுவலகம் அதற்கு முதல் பரிசை அறிவித்தது. மிஷினை ஓட்டுகிற ஆண்டியப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பரிசளிப்புக்குப் பத்து நாள் இருக்கையில், கெட்ட நேரம், கால்வாயில் தண்ணீர் வந்து தொலைத்தது.

ஊரில் ஓயாத லோ வோல்டேஜ். மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் முனகிவிட்டு நின்றுவிடும். ஆண்டியப்பனின் மனைவி மீனம்மாளின் நெல்லும் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. மிஷின் ஓடினால் வோல்டேஜ் ஏறும், பயிர் பிழைக்கும். பொறியாளர் பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டார்.

“மேடம், தண்ணி வந்துருச்சுங்க. ஓட்டட்டுங்களா?”

“ஐயையோ! ஓட்டுனா தேயும், தேஞ்சா பழுதாகும். பரிசு வாங்குற அன்னிக்குப் பழுதாக் கிடந்தா குடுப்பாங்களா?”

“தண்ணி சும்மா போகுதுங்களே.”

“தண்ணி நம்ம டிபார்ட்மென்ட் இல்லைங்க.”

அடேங்கப்பா, என்ன மூளை! அன்றைக்கே மதகைத் தூக்கி மிஷினை ஓட்டிவிட்டார் ஆண்டியப்பன். மேட்டு வயலெல்லாம் நனைந்தது. மூன்றாம் நாள் மெமோ வந்தது: ‘மின்நிலையத்தில் முன் அனுமதியின்றி மின்சாரம் உற்பத்தி செய்தது ஏன் என்பதற்கு உரிய விளக்கம் அளிக்கவும்.’

விசாரணைக்கு மேடமே ஜீப்பில் வந்தார். ஊர் தனக்காகப் பேசும் என்று ஆண்டியப்பன் தெம்பாக நின்றார். ஊரோ, பரிசைக் கொண்டாட ஆளாளுக்குப் படம் போட்டு முதல் நாள் ராத்திரிதான் தெருமுக்கில் பேனர் கட்டியிருந்தது.

“மிஷின் ஓடவே இல்லைன்னு எல்லாரும் எழுதிக் குடுங்க. பரிசும் நிக்கும், மெமோவும் போயிரும்,” என்றார் மேடம்.

“எங்களுக்குக் கரண்டே வரலைங்க,” என்று வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது ஊர். வெட்கங்கெட்ட ஊர்! சேற்றுக்காலோடு வந்த மீனம்மாளும் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டாள்.

“ஏ மீனா, இப்பத்தான மோட்டாரப் போட்டுட்டு வாரே?”

“அதுக்கென்னங்க? இங்கிட்டு வந்து பேனரப் பாருங்க, எம்படம் என்னமா விழுந்திருக்கு!”

ஆண்டியப்பன் போய்ப் பார்த்தார். நட்டநடுவில், எல்லாரையும்விடப் பெரிசாக, கூலிங்கிளாஸ் மாட்டிவிட்ட அவர் முகம். கீழே ‘ஒளி நாயகனே வருக!’ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கடைசிக் கையெழுத்தை அவரே போட்டார். நேரே போய் மதகை இறக்கினார்.

மேட்டு வயலில் நெல்லுக்கு இன்னும் நாலு தண்ணி பாக்கி இருந்தது.