வகுபடாத கைபேசி எண்

திருப்பூரில் பகா மாஸ்டரைப் போல் வெட்டியவரும் இல்லை. வெட்ட முடியாததை அவரைப் போல் வணங்கியவரும் இல்லை. மங்கலம் சாலைப் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். நான் அங்கே கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவன். நாள் முழுதும் துணியைத் துண்டாடிய அம்மனிதர், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்ணை மட்டுமே மதித்தார். பேருந்தின் எண் பகா எண்ணாக இல்லையெனில் அடுத்ததற்குக் காத்திருப்பார். அந்தத் தாமதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அறியாமல் மேலாளர் தவித்தார்.

கைபேசி புதிதாய்ப் பரவிய காலம். முதலாளிகள் ஒரே இலக்கம் வரிசையாய் அமைந்த எண்களுக்கு அலைந்தார்கள். மாஸ்டரோ அவற்றை வகுத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க சார், நம்ம முதலாளி நம்பரு மூணுலயே உழுந்துருச்சுங்க. வெளிய பாத்தா ஜம்முனு இருக்குது, உள்ளார ஒண்ணுமில்லீங்க.”

என் எண் அவ்வளவு எளிதில் விழவில்லை. அது பகா எண்தானா என்றறிய, ஒரு லட்சத்துக்குட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லுக்குள் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் அடங்கியிருந்தன! நாளொன்றுக்கு முப்பது வீதம், அளவு அட்டைகளின் பின்புறத்தில் பென்சிலால் தொடங்கினார். கால்குலேட்டரை நீட்டினேன்.

“அதுல போட்டா அதுக்குத்தானுங்க தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

என் துயரம் வேறு. பல்லடத்துக் கோழிப்பண்ணை ஒன்றின் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் ஓரிலக்கமே வேறுபாடு.

“முட்டை இன்னிக்கு என்ன ரேட்டுங்க?”

“இது பண்ணை இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க போனை எடுத்தீங்க?”

ஒன்பது மாதம் பொறுத்தபின், எண்ணை மாற்றப்போவதாக அறிவித்தேன். மாஸ்டர் பதறினார்.

“லட்சத்துல எம்பதாயிரம் தாண்டியாச்சுங்க! இப்பப் போயி மாத்திப்போட்டா, நான் யாரு நம்பரைங்க வகுக்கறது?”

அன்று பிற்பகல், எரிச்சல் தாளாமல், கால்குலேட்டரில் நானே வகுக்கலானேன். ஐம்பத்து மூன்றில் திரையில் தசமப் புள்ளியே தோன்றவில்லை. மீதி சுழியம். முதல் நாள் அட்டையிலேயே மாஸ்டர் பிழை செய்திருந்தார்.

கருவியும் கையுமாக வெட்டுமேசைக்கு விரைந்தேன். சொல்லிவிட்டால் கோழிகளிடமிருந்து எனக்கு விடுதலை. மாஸ்டர் ஒன்பது மாதத்து அட்டைகளைக் கத்தரித்த துண்டுத் துணியால் கட்டி, ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க சாமி! எத்தனை பேரு வந்து மோதியும் அசையாம நிக்குது பாருங்க உங்க நம்பரு. அதென்னங்க கையில மிஷினு?”

“பேட்டரி தீர்ந்துபோச்சு மாஸ்டர்,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி முழுவதற்கும் ஜிலேபி வழங்கினார். “பகா எண்ணுங்க! எவனாலயும் பிரிக்க முடியாது!” என் கையில் மட்டும் இரண்டு ஜிலேபிகளை வைத்தார்.

பண்ணைக்கான அழைப்புகள் இன்றும் ஓயவில்லை. காலையிலேயே முட்டை விலையை விசாரித்து வைத்துக்கொள்கிறேன். எண்ணை மாற்றிவிடலாமே என்கிறார்கள் வீட்டில். பகா எண்ணை எப்படி மாற்றுவது?