கிரேவி நலம், துப்பாக்கி வாபஸ்

ஆட்டர் கிரீக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து டெல்ஃபின் அக்காவுக்குத் தம்பி நார்பர்ட் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஆர்லிஸும் நலம். ஒமாஹாவில் மகள் வீட்டில் புது முழங்காலோடு இருக்கும் உன் நலத்தையும், டாக்டர் சொன்னபடி தினமும் படி ஏறி இறங்குகிறாயா என்பதையும் அறிய ஆவல். நீ என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன உன் நாய் கிரேவியும் நலம். நாலு கால், ரெண்டு காது, ஒரு வால், எல்லாம் இருக்கிறது. இந்த நிமிஷம் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதைப் படிக்கும்போது நீ பதறி எழுந்து நிற்கக் கூடாது, முழங்காலுக்கு ஆகாது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கொல்லைக் கதவு வரைக்கும் பனியில் கொயோட்டியின் காலடி பதிந்திருந்தது. அந்த ஜென்மத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓநாய்க்கு இளையது, நரிக்கு மூத்தது, ரெண்டு பேருடைய திருட்டுப் புத்தியும் அதற்கு உண்டு. போன வருஷம் தபால்காரர் வீட்டு நாயை முற்றத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போனதே. நீ காரில் ஏறும்போது சொன்னது காதிலேயே இருக்கிறது: "அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே." அறுபத்தாறு வயதில் எனக்கு இருப்பது ஒரே அக்கா. அதனால்தான் வாழ்நாளில் கிளாரினெட்டைத் தவிர எதையும் கையில் தூக்காத நான் துப்பாக்கியைத் தூக்கத் துணிந்தேன். எல்லாம் உன் நாய்க்காகத்தான் என்பதைக் கடைசி வரி வரை ஞாபகம் வைத்துக்கொள்.

துப்பாக்கி கொடுத்தது ராய்ஸ் டிங்கல்மன். மேற்குப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரன், ஆறாம் வகுப்பில் என்னிடம் கிளாரினெட் படிக்க வந்து என் இரத்த அழுத்தத்தை ஏற்றினவன், இப்போது நாற்பது வயது. "சார், கொயோட்டியத் தேடிக்கிட்டு நாம போகக் கூடாது சார். அதுதான் நம்மளத் தேடி வரணும். சாகப்போற முயல் மாதிரி கத்தினா, ஓசிச் சாப்பாடுன்னு ஓடி வரும்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஓர் ஊதலை எடுத்து ஊதினான். அக்கா, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. முயல் சாகும் சத்தத்தை நான் கேட்டதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முப்பத்தோரு வருஷம் அதைத்தான் கேட்டிருக்கிறேன், சம்பளமும் வாங்கியிருக்கிறேன். "இந்தச் சத்தத்துக்குத்தானே சார் அன்னிக்கு என்னை வெராந்தாவுல நிக்க வெச்சீங்க? இன்னிக்கு இந்த மாவட்டத்துலயே என்னை மாதிரி கூப்பிட ஆளில்ல" என்றான். பழிவாங்கல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னான்.

நான் வாங்கி ஊதினேன். சுத்தமான சுருதி, நீண்ட மூச்சு, அழகாக முடிந்தது. ராய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், உங்க முயல் சாகல சார், கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கு. கன்னத்தை உப்புங்க, உதட்டைத் தளர விடுங்க, மூச்சு பாதியில அறுபடணும்." பிள்ளைகளிடம் நான் எதையெல்லாம் கூடாது கூடாது என்று கத்தினேனோ அதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. ஆர்லிஸ் நாலாவது நாளே, "ஏங்க, தொண்டையில எலும்பு மாட்டின மாதிரி இருக்கு, கொட்டகையில போய் ஊதுங்களேன்" என்று என்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள்.

முதல் தடவை ராய்ஸோடு அவன் நிலத்துக்குப் போனேன். லாரியின் கதவைப் படாரென்று சாத்தினேன், அது முதல் தப்பாம். முகத்தில் சவரத் தைலம் மணக்க, காற்று என் முதுகிலிருந்து குன்றுப் பக்கம் வீசும்படி உட்கார்ந்தேன், அது இரண்டாவதாம். ஊதிப் பத்து நிமிஷத்தில் ஏதோ வருகிற சத்தம் கேட்டது. வந்தது ராய்ஸின் மாடுகள். நாற்பது மாடுகள் என்னைச் சுற்றி வட்டம் கட்டி நின்று, அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தன. என் கச்சேரிக்கு இவ்வளவு கூட்டம் ஒருநாளும் வந்ததில்லை. திரும்பும்போது ராய்ஸ் கோபத்தைக் காட்டாமல் ஒரே ஒரு புத்தி சொன்னான்: "சார், எதை வேணா மறங்க, பண்ணைக் கதவை மறக்காதீங்க. மூடியிருந்தா மூடிட்டுப் போகணும், திறந்திருந்தா திறந்தே விட்டுட்டுப் போகணும். இந்த ஊர்ல அதுதான் மரியாதை." நல்ல மாணவனாக அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

இப்போது நேற்றுக் காலைக்கு வருகிறேன். உட்கார்ந்திருக்கிறாய் அல்லவா? விடிந்த கையோடு நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குத் தனியாகவே கிளம்பினேன். நம் முற்றத்துக் கதவு திறந்து கிடந்தது. திறந்திருந்த கதவு, அதனால் மரியாதையாகத் திறந்தே விட்டுவிட்டுப் போனேன். அது என் சொந்தக் கதவு என்பது குன்றேறி உட்கார்ந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. காற்று முகத்துக்கு நேராக வந்தது, எல்லாம் சரி. ராய்ஸ் சொன்னபடி துப்பாக்கியின் கம்பியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஊதினேன். ரெண்டு ஊது ஊதியதும் எச்சில் உறைந்து ஊதலின் சீவாளி ஒட்டிக்கொண்டது. முயல் ஊமையாகிவிட்டது. என்னடா செய்வது என்று கோட்டுப் பையில் கையை விட்டால் கிரேவியின் ரப்பர் வாத்து! அமுக்கினால் கீச்சுக் கீச்சென்கிறதே, அதுதான். கிட்டத்தில் வந்த கொயோட்டியை எலிச் சத்தம் காட்டி இழுக்கலாம் என்று ராய்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அமுக்கினேன்.

ரெண்டே நிமிஷம்தான் அக்கா. குன்றுச் சரிவில் சாம்பலும் பழுப்புமாக ஒன்று காதை விறைத்துக்கொண்டு நேரே என்னை நோக்கி ஓடி வருது. தபால்காரர் நாயை நினைச்சேன், உன் மூஞ்சியை நினைச்சேன், குறி வெச்சேன், விசையை அமுக்கிட்டேன்.

டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், வெடிக்கல. அது நிக்காம ஓடி வந்து, என் மடியில ஏறி, கையில இருந்த வாத்தைப் பிடுங்கிக்கிட்டு, வாலை ஆட்டுது. குளிருக்கு அடர்ந்த முடிக்குள்ள நீ போட்ட சிவப்புக் கழுத்துப் பட்டை.

நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. அந்தப் பனியில் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன், அது பாட்டுக்கு வாத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து துப்பாக்கியைப் பார்த்தால் உள்ளே ஒரு தோட்டா இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கையால் நாலு தோட்டா போட்டதாகச் சத்தியமே செய்வேன். போடாமலேயே போட்டதாக நினைத்திருக்கிறேன், மறதி அந்த அளவுக்கு முற்றியிருக்கிறது. அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறேன். இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு மறதிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

துப்பாக்கியை நேற்று மத்தியானமே ராய்ஸிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி கிரேவி வெளியே போனால் கயிற்றின் மறுமுனையில் நான் இருப்பேன். ஆர்லிஸுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது, தெரியவும் வேண்டாம். உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது, போதும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

உன் மூஞ்சியில் முழிக்க ஆசைப்படும் தம்பி,
நார்பர்ட் ப்ரோஹாஸ்கா

பி.கு: அண்ணி, ஆர்லிஸ் எழுதறேன். இவர் கடிதங்களை ஒட்டித் தபாலில் போடுவது நான்தான், படிக்காமல் போட்டதில்லை. இவருக்கு மறதியெல்லாம் ஒன்றும் இல்லை. தோட்டாவைச் சரியாகத்தான் போடுவார், தினமும். தினமும் இவர் தூங்கப் போனதும் எடுத்துவிடுவேன். மறுநாள் காலியாக இருப்பதைப் பார்த்து, தான்தான் போட மறந்துவிட்டதாக நினைத்து மறுபடி போடுவார். முதல் நாளிலிருந்து எல்லாம் மாவு டப்பாவில் இருக்கின்றன. தன் காலைத் தானே சுட்டுக்கொள்வார் என்றுதான் பயந்தேன், நாய் எனக்குத் தோன்றவே இல்லை. குப்பை போடப் போய் முற்றத்துக் கதவைத் திறந்து போட்டதும் நான்தான், அதனால் அந்த மன்னிப்பில் பாதியை எனக்கும் எழுதுங்கள். தோட்டா விஷயத்தை மட்டும் இவரிடம் சொல்லிவிடாதீர்கள். மறதி என்ற பயம் இருக்கிறவரைக்கும் இவர் துப்பாக்கிப் பக்கம் போக மாட்டார். ராய்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவன் சிரித்த சிரிப்பு சாகப்போகிற முயல் மாதிரியே இருந்தது. கிரேவி எங்கிருந்தோ ஓடி வந்துவிட்டது.