காதுக்குள் உருண்ட கல்

மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

குனிந்தால் தலை சுற்றுகிறதாம். சரி. ஆனால் துடைப்பத்துக்குக் குனிந்தால்தான் சுற்றுகிறது. கட்டிலுக்கு அடியில் போன டி.வி. ரிமோட்டுக்குக் குனிந்தால் சுற்றுவதில்லை. அவளுக்குத் தலை சுற்றியதிலிருந்து வீட்டு வேலை முழுக்க இவர் தலையில். கடையில் லென்ஸ் தேய்த்த கை, வீட்டில் தரை தேய்த்தது.

அன்று ஃபிரேம் மாற்ற வந்த காது டாக்டரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

“உள்காதுல வளைஞ்ச குழாய் மூணு இருக்கு. பக்கத்துல இருக்கற பொடிக் கல்லு இடம் மாறி அதுக்குள்ள விழுந்துட்டா, தலையைத் திருப்பும்போது உருளும். தலை நின்ன பிறகும் ‘இன்னும் சுத்துது’ன்னு நரம்பு மூளைக்குத் தப்பா சேதி சொல்லும்.”

“இதை நடிக்க முடியுமா டாக்டர்?”

டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். “வாய் நடிக்கும். தலையை ஒருபக்கமாத் திருப்பி, சட்டுன்னு மல்லாக்கப் படுக்கவெச்சா, கோளாறு இருந்தா கண்ணு தானா துடிக்கும். அதை நடிக்க முடியாது.”

கண் இவருடைய தொழில். விடுவாரா? வீட்டுக்குப் பறந்தார்.

“இங்க வா. கட்டில்ல படு. தலையை வெளிய தொங்கவிடு.”

“எதுக்குங்க?”

“வைத்தியம். கண்ணு துடிக்குதான்னு பாக்கணும்.”

“யாரு வைத்தியரு?”

“நான்தான்! படு.”

மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். “எனக்குப் புரியல. நீங்க படுத்துக் காட்டுங்க.”

படுத்துக் காட்டினார். மனைவி குனிந்து, அதுவும் நன்றாகவே குனிந்து, இவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து அலறினாள். “ஐயய்யோ! உங்க கண்ணு துடிக்குதுங்க!”

சொன்னதுதான் தாமதம். மின்விசிறி நின்றுகொண்டிருந்தது, கூரை சுற்றியது. விழுந்தடித்து டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். “கண்ணு அசையவே இல்லையே. காது நல்லா இருக்கு. பயம்தான் அதிகமா இருக்கு.”

ஆகா, மாட்டிக்கொண்டாள்! கண் துடித்தது என்று கூசாமல் பொய் சொன்னவளுக்குத் தலை சுற்றுவது மட்டும் நிஜமா? வழியெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

“என் காதுலயே பூ சுத்துறியா? எனக்கு ஒரு கோளாறும் இல்லையாம்! டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு!”

“நிஜமாவா?” மனைவியின் முகம் மலர்ந்தது. “நல்ல வேளை. உங்களுக்கும் தலை சுத்தினா யாரு ஏறுறதுன்னு கவலைப்பட்டுட்டு இருந்தேன். வாங்க, பரண்ல ஒட்டடை அடிக்கணும். ஏணி போட்டாச்சு.”