எல்லாப் பஸ்ஸும் கெங்கவல்லிக்கே

சங்ககிரி
11.4.1987

மதிப்பிற்குரிய மச்சான் தீர்த்தகிரி அவர்களுக்கு, சண்முகவேல் வணக்கமுடன் எழுதுவது. இங்கு நானும் மகள் வசந்தாமணியும் நலம். தங்கள் தங்கை பொன்னாயி எட்டு நாட்களாக ஜலகண்டாபுரத்தில் தங்கள் வீட்டில் இருப்பதால், அவள் நலம் தங்களுக்கே தெரியும்.

நடந்ததைக் கேளுங்கள். இன்ஜினியரிங் கடைசி வருடத் தேர்வுக்காக வசந்தாமணி ஆறு மாதம் பாடுபட்டு ஒரு யந்திரம் செய்தாள். டிவி போன்ற கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் தெரியும். விரலால் ஓர் ஊரைத் தொட்டால் அவ்வூர் பஸ் நேரம் வரும். விரல் பட்டது கண்ணாடிக்குத் தெரியாதாம். சுற்றியுள்ள மரச்சட்டத்தில் ஒருபுறம் பொடிப் பொடி பல்புகள், எதிர்ப்புறம் அவ்வெளிச்சத்தைப் பார்க்கும் கண்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம், உங்கள் தறியில் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. விரல் வைத்தால் இரண்டு இழை அறுபடும். எந்த இரண்டு என்று பார்த்து யந்திரம் இடத்தைக் கண்டுகொள்ளும்.

தேர்வன்று நானும் பொன்னாயியும் சேலத்தில் அவள் கல்லூரிக்குப் போயிருந்தோம். மகள் தேர்வாளரை அழைக்கப் போன நேரத்தில் பொன்னாயி கோயில் சந்தனத்தை எடுத்துச் சட்டத்தில் பொட்டு வைத்துவிட்டாள். தேர்வாளர் வந்து ஈரோட்டைத் தொட்டார், கெங்கவல்லி வந்தது. மேட்டூரைத் தொட்டார், கெங்கவல்லி. கையை எடுத்தார், அப்போதும் கெங்கவல்லி. "ஏம்மா, எல்லாப் பஸ்ஸும் கெங்கவல்லிக்கேவா போகுது?" என்றார். மகள் முகம் வெளுத்துவிட்டது. அவர் பேனாவைத் திறந்ததும், மச்சான், கல்லூரி என்றும் பாராமல் பொன்னாயியைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "பொட்டு வெக்கறேன்னு புள்ள பொழப்பயே கெடுத்துட்டியேடி!" "நல்லது நெனச்சுத்தானுங்க வெச்சேன்" என்றாள் பொன்னாயி. அதற்குள் வசந்தாமணி மண்டியிட்டுச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "ரெண்டு பல்பு அடைபட்டிருக்குதுங்க சார்" என்று முந்தானையால் துடைத்தாள். அவர் மறுபடி ஈரோட்டைத் தொட்டார். ஈரோடு வந்தது! முதல் வகுப்பு உறுதி என்று சொல்லிப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன், பொன்னாயியைக் காணோம். நேரே பஸ் ஏறி உங்களிடம் வந்துவிட்டாள்.

தப்பு அவளுடையது, மச்சான். அதை ஒப்புக்கொண்டு அவளாக வரட்டும். நான் வந்து அழைப்பேன் என்று கனவிலும் எண்ண வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சண்முகவேல்

பி.கு.: ஒட்டும் முன் வசந்தாமணி இதைப் படித்துவிட்டாள். "அம்மா வெச்ச பொட்டு சட்டத்துக்கு வெளிப்பக்கமுங்கப்பா. பல்ப அடச்சது உள்பக்கம் இருந்த திருநீறு. அத்தன பேரு முன்னால உங்கள எப்படிங்க சொல்றது?" என்கிறாள். அம்மாவும் மகளும் பார்க்காத சமயத்தில் பூசியது நான்தான். வீட்டில் வேறு இன்லேண்ட் லெட்டர் இல்லை. ஆகவே இந்தப் பின்குறிப்பை மட்டும் பொன்னாயிக்குப் படித்துக் காட்டி, மேலே உள்ளதைக் கிழித்து அடுப்பில் போடவும். செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் நானே வாரேன்.