ரோசாப்பூவால் செத்த கப்டனின் வம்சம்

கொலோன்,
ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.

என்றும் என் மதிப்புக்குரிய மூத்த சகோதரி அவர்கட்கு,

கொலோன் மாநகரிலிருந்து தம்பி மகேந்திரராஜா பணிவுடன் வரைந்து கொள்வது. இவ்விடம் நானும் என் இல்லாள் ஜெயமலரும் மூட்டுவலி நீங்கலாகச் சுகம். ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு கோண்டாவிலில் போய்க் குடியிருக்கும் தங்களதும் அத்தானதும் சுகத்தையும், புதிதாகக் கட்டிய மதிலின் சுகத்தையும் அறிய அவாவுகின்றேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று தாங்கள் வியக்கக்கூடும். வேணுஜாவின் விடயமாகத் தங்களுக்கு நான் அனுப்பிய குரல்பதிவு விரல் தவறித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாக் குழுவுக்குப் போனதையும், அதன் கீழே சங்கத்தார் வரிசையாக வாழ்த்துப் போட்டதையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே இதை ஊருக்குப் புறப்படும் ஸ்ரீதரன் அண்ணையின் கையில் கொடுத்து விடுகின்றேன்.

தங்கள் புதல்வி வேணுஜா டார்ம்ஸ்டாட்டில் தன்னோடு பழகும் ஹென்றி என்னும் ஆங்கிலேய இளைஞனைப் பற்றித் தங்களிடம் வாய் திறந்த நாள் முதல், "பெடியன் என்ன ஆக்கள், தாய் தேப்பன் ஆர், வடிவா விசாரிச்சுச் சொல்லு" என்று எனக்குக் கட்டளையிட்டீர்கள். ஊர்ப் பெடியன் எண்டால் விசாரிக்கிறது சுகம் அக்கா. கோயில் வீதியில ஒரு ஆளைப் பிடிச்சால் நாலு தலைமுறை தானா வரும். வெள்ளைக்காரனை ஆரிட்டப் போய்க் கேக்கிறது? கடைசியில பெடியனையே கேட்டன். தாய் ஜேர்மன்காரி, காலமாகிட்டாவாம். தேப்பன் பிரித்தானியப் படையில கேணலா இருந்து இளைப்பாறி, படை திரும்பிப் போனபிறகும் மிண்டனுக்குக் கிட்ட ஒரு கிராமத்திலயே தங்கிட்டாராம். "குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்குச் சந்தோசம், ஆனா நல்லாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ" எண்டான். அந்த எச்சரிக்கை எனக்கு அப்ப விளங்கேல்லை.

ஸ்ரீதரன் அண்ணைக்குக் கேணல் எண்டு சொன்னன். மனுசன் குரலைக் குறைச்சு, "எந்தப் பக்கத்துக் கேணல்?" எண்டார். பிரித்தானியாப் பக்கம் எண்டன். "ஓ, அது பழைய கோவம்" எண்டு தேத்தண்ணியைக் குடிச்சார்.

போன சனிக்கிழமை ஜெயமலரையும் கூட்டிக்கொண்டு போனன். ரயில் வழமைபோலப் பிந்தி, பஸ் எங்களைப் பாத்துக்கொண்டே வெளிக்கிட்டு, கடைசியில மழையில நடந்து போய்ச் சேந்தம். கதவைத் திறந்தவர் பனை உயரம், முழங்கையில பொத்தல் விழுந்த சுவெற்றர், வீட்டுக்குள்ள வெளியிலயை விடக் குளிர். ஜெயமலர் என்ர காதுக்குள்ள, "வசதியில்லாத ஆக்கள் போலக் கிடக்கு" எண்டா. ஒரு நாய் வந்து மணந்தது. கேணல் நாயின்ர பேரைச் சொல்லி, அதின்ர தாயையும் தேப்பனையும் சொல்லி, தேப்பன்ர தேப்பன் எந்தப் பிரபுவின்ர வீட்டில பிறந்தது எண்டதையும் நாங்கள் கேக்காமலே சொன்னார். எனக்கு உசார் வந்திட்டுது. நாய்க்கே இப்பிடியெண்டால் ஆளுக்கு எப்பிடியிருக்கும்?

அவர் ஆங்கிலம் மாதிரி ஜேர்மன் கதைப்பார், நான் ஜேர்மன் மாதிரி ஆங்கிலம் கதைப்பன், அதால பிரச்சினையில்லை. கதிரையில இருந்த உடனையே கேட்டிட்டன்: "சேர், யூ ஆர் வாட் பீப்பிள்?" ஜெயமலர் என்ர காலை மிதிச்சா. ஆனா கேணல் கோப்பையைக் கீழ வைச்சிட்டு என்னை அப்பிடியே பாத்தார் அக்கா. "என்ர சொந்த மகனே இதை என்னட்டக் கேட்டதில்லை" எண்டு சொல்லி, கையைப் பிடிச்சு இழுக்காத குறையா எங்களை மாடிப்படிக்குக் கொண்டு போனார்.

படிக்கட்டுச் சுவர் முழுக்கத் துணியில கீறின ஒரு வம்ச மரம். கிளை கிளையாப் பேர். படையில இருக்கேக்க செத்த ஆக்களின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு குட்டி வாள். கிட்டப் போய்ப் பாத்தால் மரமெல்லாம் வாள் காய்ச்சிருக்கு. இந்த வின்தோர்ப்-ஹேல் குடும்பத்தில மூத்த மகனுக்கு மூத்த மகன் எண்டு சேர் பட்டம் இறங்கிவரும். இப்ப அது கேணலின்ர தமையனிட்ட, தமையனுக்குப் பிள்ளையள் இல்லை, அவருக்குப் பிறகு கேணல், கேணலுக்குப் பிறகு ஹென்றி. ஹென்றியைக் கட்டுறவள் லேடி. "லேடி வேணுஜா" எண்டு ஜெயமலர் ஒருக்கா மெல்லமாச் சொல்லிப் பாத்தா. பிறகு சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு வடிவா நிமிந்து நிண்டா.

ஆனா விசாரணையெண்டால் விசாரணைதானே. அடிமரத்தில நிக்கிறவர் ஒரு கப்டன். இருநூத்தைம்பது வருசத்துக்கும் முந்தி, இதே மிண்டனில நடந்த சண்டைக்கு வந்தவர். ஆமிக்காரர் போற வழியில ரோசாப்பூப் பிடுங்கித் தொப்பியில குத்திக்கொண்டு போய் வெண்டவையாம். இவரும் பிடுங்கினவர். சண்டையில ஒரு கீறலும் இல்லை. ரோசா முள்ளுக் குத்தின விரல் சீழ் வைச்சு, மூண்டாங் கிழமை ஆள் சரி, செத்துப்போனார். அவற்ற பேரன் வாட்டர்லூவுக்குப் போகக் குதிரை வழி மாறி, சண்டை முடிஞ்சபிறகு போய்ச் சேந்து, வெற்றி விருந்தில படியால விழுந்து சரி. அவற்ற மகன் கிரிமியாவுக்குப் போற கப்பலிலயே வயித்தாலடியில சரி. அடுத்தவருக்கு ஆப்கானிஸ்தானில சொந்தப் பீரங்கியே பின்பக்கமா வெடிச்சுது. சாக முதல் ஒரு ஆம்பிளைப் பிள்ளையை வைச்சிட்டுப் போறதில மட்டும் எல்லாரும் கெட்டிக்காரர். எதிரியின்ர கையால செத்த ஒருதரையும் காணேல்லை. கேணல் ஒவ்வொரு வாளையும் பெருமையாத் தொட்டுக் காட்டிக் கொண்டு வாறார், ஜெயமலர் பின்னால நிண்டு, "ஆம்பிளையள் தங்காத குடும்பம் அப்பா, பிள்ளையை விதவையாக்கப் போறியளோ?" எண்டு தமிழில சொல்லிக்கொண்டு வாறா. "மேடம் என்ன சொல்லுறா?" எண்டு கேட்டார். "உங்கட ஆக்கள் சரியான வீரமாம்" எண்டன்.

அதுக்குள்ள எட்வேட் எண்டு ஒருத்தர் "கசினை"க் கட்டினவர் எண்டார். எனக்குச் சந்தோசம், மச்சாளைக் கட்டியிருக்கிறார், எங்கட முறைதான். எண்டாலும் கேட்டன், மாமன்ர மகளோ மாமியின்ர மகளோ எண்டு. "கசின்" எண்டார். "அது விளங்குது, எந்தக் கசின்?" "கசின் எண்டால் கசின்தானே!" நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால கிளையைப் பிடிச்சு மேல போய்ப் பாத்தால், அக்கா, பெரியப்பான்ர மகள்! தங்கச்சியைக் கட்டியிருக்கிறான்! ஜெயமலர் "முருகா" எண்டு படியிலயே இருந்திட்டா. கேணல் ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்து தந்து, "ஓம், எட்வேட் இளவயசில போனது எங்களுக்கும் ஆறாத கவலைதான்" எண்டார். நல்ல காலம், அந்தக் கிளை பிள்ளையில்லாமல் பட்டுப்போச்சு. ஹென்றி மற்றக் கிளை. தாங்கள் பயப்பிட வேண்டாம்.

கடைசி வாளுக்குக் கிட்ட வர மனுசன்ர குரல் இறங்கினது. முதலாம் உலக யுத்தம். கேணலின்ர பாட்டாவின்ர தம்பி, லெப்டினன்ட், பத்தொன்பது வயசு. அவனை மட்டும் எதிரிதான் சுட்டது. உடம்பு கிடைக்கேல்லை. கேணல் அந்த வாளில கை வைக்கேல்லை. என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டார்:

"உங்கட குடும்பத்தில ஆர் சேவை செய்தது, மிஸ்டர் ராஜா?"

என்னத்தைச் சொல்லுறது? நான் எண்பத்தாறிலயே ஓடி வந்தவன். ஜெயமலர்தான் எழும்பினா. அவவின்ர ஜேர்மன் ஆஸ்பத்திரிச் சமையலறையில படிச்சது, சுருக்கமாவும் சூடாவும் இருக்கும்.

"நாங்கள் சண்டைக்குப் போகேல்லை. சண்டை எங்கட வீட்டுக்கு வந்தது" எண்டா. "என்ர அம்மா தொண்ணூத்தஞ்சில அப்புவைச் சைக்கிள் கரியரில கட்டி, குண்டுக்குத் தப்பி ஊரோட ஊரா நாவற்குழிப் பாலம் கடந்தவ. என்ர தம்பி கடக்கேல்லை. எங்களிட்ட இப்பிடிச் சுவரும் இல்லை, வாளும் இல்லை."

கேணல், "தம்பியின்ர பேர் என்ன?" எண்டு கேட்டார். "சேயோன்" எண்டா. அவர் ரெண்டு மூண்டு தரம் சொல்லிச் சொல்லிப் பாத்து, சரியா வந்தபிறகுதான் விட்டார்.

பிறகு எல்லாரும் சமையலறையில போய் இருந்தம், அங்கதான் கொஞ்சம் சூடு. மனுசன் தானே தேத்தண்ணி போட்டார். அப்பதான் மனசில கிடந்த குறையைச் சொன்னார். எத்தினை தலைமுறையா ஆம்பிளையள் படைக்குப் போன குடும்பம், கடைசியில ஹென்றி ஒரு பாலர் பாடசாலையில மூண்டு வயசுப் பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சு விடுறான் எண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே குறைதான் அக்கா, பெட்டை எஞ்சினியர், பெடியன் பாலர் ரீச்சர், சங்கத்தில எப்பிடிச் சொல்லுறது? நானும் சேந்து ஒரு பாட்டம் புலம்பினன். ரெண்டு பேரும் கைகுலுக்காத குறை.

ஜெயமலர் கோப்பையை டக் எண்டு வைச்சா. "ரெண்டு பேருக்கும் விசரோ? இந்த மரத்தில ஒவ்வொருத்தனும் போய்ச் செத்துத்தான் மற்றவனுக்கு வழி காட்டியிருக்கிறான். ஒருத்தன் மட்டும் 'நான் போகேல்லை, வீட்ட நிக்கிறன்' எண்டு சொல்லியிருக்கிறான். அவனை எங்களுக்குத் தாங்கோ. மத்தியானத்தில அவன் வந்து பக்கத்தில இருந்தால்தான் பிள்ளையள் நித்திரை கொள்ளுங்களாம், வேணுஜா சொன்னவள்."

கேணல் எழும்பி எல்லாற்ற கோப்பையிலயும் திரும்பத் தேத்தண்ணி ஊத்தினார். பிறகு, "அங்க அவன் என்ன செய்யிறான் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை" எண்டார். மூக்கை உறிஞ்சினார். குளிராலயா எண்டு எனக்குத் தெரியாது. வெளிக்கிடேக்க எங்களைத் தன்ர பழைய காரில ரயில் நிலையம் மட்டும் கொண்டுவந்து விட்டு, ரயில் போகும் வரைக்கும் மேடையில நேரா நிண்டவர். ஜெயமலர் யன்னலுக்குள்ளால கை காட்டினா, மனுசன் சலூட் அடிச்சார். என்ர வாழ்க்கையில ஒரு ஆமிக்காரன் எங்களுக்குச் சலூட் அடிச்சது இதுதான் முதல் தரம்.

ஆகவே அக்கா, விசாரணையின் முடிவாகத் தாழ்மையுடன் அறியத் தருவது: ஆக்கள் திறம். வீடு குளிர். எட்வேட்டின் விடயத்தை ஊரில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். பெடியனுக்கு ஆயுசு கெட்டி. தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓம் சொல்லி, அத்தானைக் கொண்டு நல்ல நாள் ஒன்று பார்ப்பியுங்கள். நல்லூரான் இரு வீட்டையும் ஒரு குறையும் வராமல் வைத்திருக்கட்டும். அத்தானுக்கு எங்கள் வணக்கம், அயலட்டைக்கு எங்கள் விசாரிப்பு.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி,
மகேந்திரராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டினபிறகு வேணுஜா போன் எடுத்தவள், அதால உறையைக் கிழிச்சு இதை எழுதுறன். நான் உற்சாகத்தில, "பிள்ளை, பெடியன்ர பகுதி திறம், நாள் வைக்கலாம்" எண்டன். "என்ன நாள் மாமா?" எண்டாள். "கலியாண நாள்." "கலியாணம் எண்டு ஆர் சொன்னது? சேந்திருக்க வீடு பாக்கிறம் எண்டுதானே அம்மாவுக்குச் சொன்னனான்!" கலியாணம் எண்டது தேவையில்லாத பேப்பர் வேலையாம், அவளோட வேலை செய்யிற ஒருதரும் கட்டேல்லையாம். வீடும் கிடைச்சு, ரெண்டு பேரும் கையெழுத்தும் வைச்சாச்சு.

கேணலுக்குப் போன் எடுத்துச் சொன்னன். கலியாணம் கட்டாமல் பிறக்கிற பிள்ளைக்குச் சேர் பட்டம் போகாதாம். இத்தினை யுத்தத்தாலயும் அழியாத வம்சம் ஒரு வாடகை ஒப்பந்தத்தால அழியப் போகுதாம். "மிஸ்டர் ராஜா, இப்பிடியான நேரத்தில உங்கட பக்கத்தில என்ன செய்வியள்?" எண்டு கேட்டார். "தாயைக் கூப்பிட்டு அழ விடுவம்" எண்டன். "எப்ப வருவா?" எண்டார். விமான நிலையத்துக்குத் தானே கார் கொண்டு வாறாராம். உடனை வெளிக்கிடுங்கோ அக்கா. அத்தானுக்கு வாசிச்சுக் காட்டேக்க "அன்புத் தம்பி" எண்டதோட நிப்பாட்டுங்கோ.