எடைக்கு வாங்கிய கடன்

சாந்தவனம் என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் மகாராஜா நித்திரவர்மர். காலையில் ஒரு முறை, மதியம் இரண்டு முறை தூங்குவார். மிச்ச நேரத்தில் சட்டம் போடுவார். அவர் தூங்கும் நேரம்தான் குடிமக்களுக்கு நல்ல நேரம்.

அந்த நாட்டில் கடன் வழக்கு வந்தால், கடன்பட்டவர் தெருவில் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். மூன்று நாளுக்குள் சபைக்கு வந்து பதில் சொல்லாதவர் தோற்றவர். அதுவரை சரிதான். ஆனால் தண்டோரா சத்தத்தில் மகாராஜாவின் மதியத் தூக்கம் கலைந்துவிட்டது. உடனே ஆணை பிறந்தது: "இனி தண்டோரா சத்தமின்றிப் போடப்படும்." அன்றிலிருந்து தண்டோராக்காரர் தமுக்கின் மேல் தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தபடி தெருத்தெருவாகப் போனார். பாவம், பல்வலி போல என்று பெண்கள் அவருக்குக் கிராம்பு கொடுத்தார்கள்.

தையற்காரி மரிக்கொழுந்தும் கொடுத்தாள். தவணைக்கடையில் தையல் மிஷின் வாங்கி, பன்னிரண்டு தவணையும் கட்டி முடித்து, ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தவள் அவள். அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டது அந்த மிஷினால்தான். தவணைக்கடைக்காரர் கடையை மூடியபோது பழைய கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். பொட்டலம் மடிக்க அவற்றை வாங்கியவர் பக்கோடாக் கடை ஏகாம்பரம். மடிக்கும்போது ஒரு நோட்டைப் படித்துப் பார்த்தார். மரிக்கொழுந்தின் கணக்கு நாலாவது தவணையோடு நின்றிருந்தது. பாக்கி நாற்பது பணம். மிச்சத் தவணைகள் எழுதிய அடுத்த நோட்டு ஏற்கெனவே பக்கோடாவோடு போய்விட்டது.

நோட்டு என் கையில், அதனால் கடனும் எனக்கே என்று, அதிலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேலும் ஏகாம்பரம் வழக்குப் போட்டார். தண்டோரா சத்தமில்லாமல் நடந்தது. ஒருவரும் வரவில்லை. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் நீதிபதி முந்நூற்றுப் பன்னிரண்டு தீர்ப்பும் எழுதிவிட்டார்.

நாலாம் நாள் ஜப்தி செய்ய அமீனா வந்து மிஷினைத் தூக்கினார். மரிக்கொழுந்து ரசீதுக் கம்பியோடு நீதிமந்திரி நெடுஞ்செவியாரிடம் ஓடினாள்.

"ஐயா, நான் முழுசா கட்டிட்டேங்க. இதோ பாருங்க, பன்னிரண்டு சீட்டு!"

மந்திரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அசல் ரசீதுகள்தான். ஐயமே இல்லை. ஆனால் அம்மா, ரசீது பழையது, தீர்ப்பு புதியது. அரசு எப்போதும் புதியதையே ஆதரிக்கும்."

"வழக்குப் போட்டதே எனக்குத் தெரியாதுங்களே!"

"தண்டோரா போட்டோமே."

"காதுல விழலீங்க."

"காதில் விழும்படி போடுவது குற்றம். அரசாங்கத்தையே குற்றம் செய்யச் சொல்கிறாயா?"

மக்கள் முணுமுணுத்தார்கள். மகாராஜா மனமிரங்கி ஒரு நிவாரண ஆணை போட்டார்: இனி தொழில் கருவிகளைப் பிடுங்கக் கூடாது, கூலியில் பாதியை மட்டும் பிடிக்க வேண்டும்.

"அப்போ என் மிஷினைத் திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டாள் மரிக்கொழுந்து.

"இனி என்றுதானே ஆணை சொல்கிறது? உன் மிஷின் இனிக்கு முன்பே போய்விட்டது. ஆனால் உன் கூலி இனிமேல்தானே வரும்!" என்று மந்திரி அவளைத் தேற்றினார்.

அடுத்த ஆணை இன்னும் அருமை. வசூல் செலவெல்லாம் தோற்றவர் தலையில். அமீனாவின் செருப்புத் தேய்மானம், மிஷினை இழுத்த மாட்டுக்கு வைக்கோல், அந்த மாடு முறைத்ததில் அமீனாவுக்கு ஏற்பட்ட மனவேதனைக்குப் படி. நாற்பது பணம் நானூறானது. அட கண்றாவியே, கட்டி முடித்த கடன் இந்த வளர்ச்சி வளருமா! மரிக்கொழுந்து கையூசியால் பொத்தான் தைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

இதற்கிடையில், நாட்டிலிருந்த பழைய நோட்டையெல்லாம் வாங்குவதற்காக ஏகாம்பரம் கஜானாவில் ஒன்பது கோடி கடன் வாங்கியிருந்தார். திருப்பிக் கட்ட முடியவில்லை. சேதி கேட்ட மரிக்கொழுந்து, "நல்லா வேணும்!" என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் நெடுஞ்செவியார் தட்டு நிறைய மாம்பழத்தோடு ஏகாம்பரம் வீட்டுக்கே போனார். "எவ்வளவு கட்டினால் தங்களுக்குச் சிரமமாக இராது?"

"ஒண்ணுமே கட்டலைன்னா சிரமமா இருக்காதுங்க."

மந்திரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். புதுச் சட்டம் வந்தது: கோடிக்குக் கீழே வாங்கினால் கடன், கோடியைத் தாண்டினால் தொழில் முயற்சி. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க ஊசிக்கும் நூலுக்கும் வரி.

"கொஞ்சமாக வாங்கிவிட்டாயே அம்மா!" என்று மந்திரி மரிக்கொழுந்திடம் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தொழில் முயற்சியைப் பாராட்டி ஏகாம்பரத்துக்குப் பட்டு அங்கி போர்த்த அரண்மனை முடிவு செய்தது. தைக்கும் வேலை மரிக்கொழுந்துக்கு. அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அவளுடைய மிஷின் நின்றது, மேலே ஒரு பூச்சாடியோடு. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எட்டு நாள் கையால் தைத்தாள்.

அரண்மனை அனுப்பிய கூலி எண்பது பணம், சட்டப்படி ஏகாம்பரத்தின் கைக்கே வந்தது. பாதியைத் தீர்ப்புக்காகப் பிடித்துக்கொண்டார். மீதிப் பாதியைத் தாமதத்துக்காகப் பிடித்துக்கொண்டார்.

"மிஷின் வெச்சிருக்கிற ஆளாப் பார்த்துக் கொடுத்திருக்கணும்" என்று, கண்ணாடி முன் நின்று அங்கியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.