காலியான கை தொடர்பாக

மும்பை திலக் நகரில் உள்ள எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் அலுவலக அறையில், சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, மாடத்தி என்னும் வீராங்கனையை ஒரு டிராகன் கடித்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்ய முடிந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எங்களுக்குக் கதை சொல்பவன் ஜோஷுவா. வாஷியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிறானால் காடு, மழை, எதிரிப்படை எல்லாம் அவன்தான். வங்கியில் அதிகாரியாக இருக்கும் ஸ்டெர்லின் எங்கள் மந்திரவாதி. தாராவியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஜெயகணேஷாகிய நான் திருடன். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதை இதோடு சேர்க்கக் கூடாது.

மாடத்தியாக ஆடுபவள் ரீனா. செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு வருஷமாக மாடத்தியை வளர்த்துக்கொண்டு வந்தாள். அயர்லாந்தில் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். கிளம்புவதற்குள் அந்த டிராகனை மாடத்தி கையால் முடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கடிபட்டவளுக்கு உடனே மந்திரம் போடாவிட்டால் செத்துப்போவாள். செத்தால் செத்ததுதான், திரும்பி வர முடியாது.

"உசிர் மீட்குத மந்திரம் போடுதேன்" என்றான் ஸ்டெர்லின்.

"போட்டுக்கோடா" என்றான் ஜோஷுவா.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து மேஜையில் எங்கள் சங்கத்தின் செயலாளர் அமிர்தநாதன் உட்கார்ந்து, மூன்றாம் மாடி ஒழுகல் புகார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

நாலு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஜோஷுவா புத்தகத்தை நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"வாயால சொல்லணும், ஒரு காலிக் கையால சைகை காட்டணும்னு இருக்கு. உங்க மந்திரவாதி கையில என்னப்பா இருக்கு?"

"ஒண்ணுல கேடயம், ஒண்ணுல லாந்தர், அங்கிள்."

"அப்போ கை காலியில்ல."

"லாந்தரைக் கீழ போட்டுருதேன்."

"போட்டா அணையும். அணைஞ்சா இருட்டு. இருட்டுல ஆளைப் பாக்காம மந்திரம் போடலாம்னு எங்க இருக்கு?"

ஜோஷுவா பக்கங்களைப் புரட்டினான். "எங்கயும் இல்ல அங்கிள். பார்த்துதான் போடணும்."

"சரி, லாந்தர் பிடிச்ச கையாலேயே சைகை காட்டுனா?" என்றாள் ரீனா.

"அது கொள்கை முடிவும்மா. நான் ஒருத்தன் சொல்ல முடியாது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எரிச்சல்படவில்லை. அசந்துபோனோம். விளையாட்டாக ஆடிக்கொண்டிருந்ததை ஒருவர் இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொண்டது பெருமையாகக்கூட இருந்தது. தீர்ப்பு வரும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பதென்று முடிவாயிற்று. இந்த ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. எங்கள் ஆறு விநாடி பதினோரு மாதம் ஓடியது.

உடனே 'மந்திரப் பிரயோக விதி விளக்கக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அமிர்தநாதன். ரீனா பலனடையக்கூடியவள் என்பதால் அவளைத் தவிர நாங்கள் எல்லாரும் உறுப்பினர்கள். குழுவுக்குக் குறைந்தபட்ச வருகை ஏழு பேர் என்று விதி எழுதினார். இருந்தது நாலு பேர். அதனால் ஒவ்வொரு கூட்டமும் தொடங்கியதும் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. அரைமணி கழித்து, அதே நாற்காலியில் அதே நாலு பேர் உட்கார்ந்திருந்தால், வருகை போதுமானதென்று ஆகிவிடும். மும்பையில் எல்லாச் சொசைட்டியிலும் நடக்கிற மந்திரம்தான். இதற்குக் கை காலியாக இருக்க வேண்டியதில்லை.

ஜூலையில் நேரடிச் செய்முறை விளக்கம். கொட்டும் மழையில் ஸ்டெர்லினைக் காம்பவுண்டில் நிறுத்தி, ஒரு கையில் பிரியாணி அண்டாவின் மூடியும் ஒரு கையில் எமர்ஜென்சி விளக்கும் கொடுத்து, சைகை காட்டச் சொன்னோம். காட்டினான். வாட்ச்மேன் படமெடுத்தார். 'விளக்கு அசைந்தது, கை தனியாக அசைந்ததா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை' என்று அறிக்கை எழுதினோம். எழுதியது நான்தான். நன்றாக வந்திருந்தது என்று அமிர்தநாதன் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

செப்டம்பரில் நிபுணர் கருத்து. மாட்டுங்காவில் ஒலி அதிர்வுச் சிகிச்சை என்று ஆன்லைனில் வகுப்பெடுக்கும் பத்மஜா மேடம் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மந்திரத்துக்கு வாயே தேவையில்ல. கையும் தேவையில்ல. தொப்புள்ல அதிர்வு வந்தா போதும்."

"அது எப்போ வரும் மேடம்?" என்றேன்.

"லெவல் ரெண்டுல வரும். லெவல் மூணுல இந்தக் கேள்வியே வராது."

ஸ்டெர்லின் அங்கேயே லெவல் ஒன்றில் சேர்ந்தான். கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டது.

நவம்பரில் அமிர்தநாதன் தன் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதாக வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனார். போனவர் புதிதாக ஒரு யோசனையோடு திரும்பினார்.

"ஏம்மா ரீனா, அந்தப் பொண்ணு இன்னும் உசிரோட இருக்கான்னு என்ன ஆதாரம்?"

"நாந்தான அங்கிள் அவ. நான் உசிரோடதான இருக்கேன்."

"நீ அவதான்னா, உனக்கு ஏம்மா ரத்தம் வழியல?"

ரீனா மறுநாளே கிளம்பினாள். குர்லா கோர்ட்டு வாசலில் நோட்டரியிடம் போய், மாடத்தி உயிரோடு இருப்பதாகப் பிரமாணப் பத்திரம் வாங்கினாள். அவருடைய படிவத்தில் டிராகனுக்கு இடமில்லை. நாய்க்கடி என்று போட்டுக் கொடுத்தார். நாய்க்கடி என்று இருந்தால் தடுப்பூசிச் சீட்டு கேட்பதுதான் முறை. கேட்டோம். ஐந்து ஊசிக்கும் தேதி போட்டு ரீனாவே எழுதிக்கொண்டு வந்தாள். அன்று அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். சீட்டில் தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் பார்த்தேன்.

இதற்குள் ஜோஷுவா பகடை கொண்டுவருவதை விட்டுவிட்டான். ஸ்டெர்லின் ஆளுக்கொரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்தான். என் கடையில் மூடி வைத்த பக்கெட் கேட்ட ஒரு அம்மாவிடம், "மேற்படி மூடி தற்சமயம் இருப்பில் இல்லை" என்றேன். அந்த அம்மா எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

மே மாதம் ரீனாவுக்கு விசா வந்தது. கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை, ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், இரண்டு பெரிய பெட்டிகளோடு நேராக அலுவலக அறைக்கு வந்தாள். கீழே டாக்ஸி நின்றது.

"அங்கிள், இன்னைக்காவது சொல்லிருங்க. அவளை ரத்தத்துல போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

அமிர்தநாதனின் கண் கலங்கியது. நல்ல மனிதர், அதையும் பதிவு செய்ய வேண்டும். உடனடியாக அவசரக் கூட்டம் கூட்டினார். வருகை குறைவாக இருந்ததால் அரைமணி ஒத்திவைத்தார். ரீனா பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். டாக்ஸிக்காரர் இரண்டு தடவை போன் செய்தார்.

அரைமணி கழித்து ஆணை வாசிக்கப்பட்டது: 'லாந்தர் பிடித்த கையை, இந்த ஒரு நேர்வில் மட்டும், காலியான கையாகக் கருதிக்கொள்ளலாம். இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.'

கைதட்டினோம். ஜோஷுவா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பகடையை எடுத்து வந்தான். ஸ்டெர்லின் மந்திரம் போட்டு உருட்டினான். பதினேழு விழுந்தது.

"ரத்தம் நிக்குது. மாடத்தி கண்ணு முழிக்கிறா" என்றான் ஜோஷுவா. அவன் குரல் உடைந்திருந்தது.

ரீனா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் பகடையைக் கையில் எடுத்தாள்.

"எந்திரிச்சு, டிராகன் கழுத்துல ஒரே வெட்டு."

"அதெப்படி? ஒரு கையில வாள் இருக்கு, ஒரு கையில கேடயம் இருக்கு. எந்தக் கையை ஊணி எந்திரிப்பா?"

அமிர்தநாதன் மெதுவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்த நேரத்தில் இப்படிக் கேட்கிறவன் யாரடா என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே" என்றாள் ரீனா. பகடையை மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஞாயிறுதோறும் டப்ளினிலிருந்து போன் செய்கிறாள். சாப்பாடு, குளிர், சம்பளம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பாள்.

"எந்திரிச்சிட்டாளா அண்ணே?"

"பரிசீலனையில இருக்கும்மா" என்பேன். புதுக் குழுவுக்குத் தலைவர் என்ற முறையில் அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.